ஸ்டீல்ஹெட் பிடிக்க எந்த ஸ்பின்னிங் ராட்? 7 அடி போதுமா, 13 அடி வேண்டுமா?

செப்டம்பர் 14

வந்த கேள்வி இது: "கனடாவின் மிசிசாகாவில் இருக்கிறேன். கோடையில் ஏரிகளில் பாஸ் மீன் பிடிக்க வாங்கிய 7 அடி மீடியம் தூண்டில் ராட் ஒன்று இருக்கிறது. இந்த இலையுதிர் காலத்தில் கிரெடிட் ஆற்றில் ஸ்டீல்ஹெட் பார்க்கலாம் என்று ஆசை. அதே ராட் போதும் என்கிறான் நண்பன். கடையில் கேட்டால் 13 அடி இல்லாமல் போகாதே என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது அண்ணா?"

7 அடி ராடில் மீன் ஏறாது என்று சொல்ல மாட்டேன் தம்பி, ஏறும். ஸ்டீல்ஹெட் என்று இங்கே சொல்வது, ஏரியில் வளர்ந்து ஆற்றுக்கு ஏறி வருகிற ரெயின்போ ட்ரவுட் மீன். ஏரியில் பாஸுக்கு இரையை வீசி இழுக்கிறோம், அதற்கு ராட் குட்டையாகவும் விறைப்பாகவும் இருந்தால் வசதி. ஆற்றில் ஸ்டீல்ஹெட்டுக்குப் பெரும்பாலும் எதையும் இழுப்பதில்லை. தக்கைக்குக் கீழே வரிசையாக ஈயக்குண்டுகள், அதற்கும் கீழே லீடர் என்கிற மெல்லிய தூண்டில் நரம்புத் துண்டு, முள்ளில் ஒரு சினைப் பொட்டலமோ பிளாஸ்டிக் மணியோ. அதைத் தண்ணீர் போகிற வேகத்தில் போகவிட வேண்டும். இதில் சிக்கல் என்னவென்றால், நடு ஆற்றில் ஓட்டம் வேகம், கரையோரம் மெது, அடியில் அதைவிட மெது. ராட் நுனிக்கும் தக்கைக்கும் நடுவே தண்ணீரில் கிடக்கிற நரம்பை வேகமான ஓட்டம் வளைத்து இழுக்கும், தக்கையும் சேர்ந்து இழுபடும், அடியில் இருக்கிற இரை மேலே எழும்பி மீனின் தலைக்கு மேல் ஓடிப்போகும். நீளமான ராட் வாங்குவது அந்த நரம்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடிக்கத்தான், விழுந்த நரம்பை ஓட்டத்துக்கு மேல் பக்கமாக எடுத்துப் போடத்தான். வீச்சு தூரம் அப்புறம்.

ஒரே ஒரு ராட்தான் வாங்கப் போகிறாய் என்றால் 10 அடி அல்லது 10½ அடி, 6 முதல் 10 பவுண்டு இழுவை தாங்கும் நரம்புக்கானது, 7 முதல் 18 கிராம் எடை வீசக்கூடியது, இரண்டு துண்டு. இதைச் சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறேன்.

செப்டம்பர் 14, இரவு

தூங்கவில்லை. நீளத்தை மட்டும் சொல்லிவிட்டு வளைவைச் சொல்லாமல் விட்டால் அரைகுறைப் பதில்.

ராடில் இரண்டு விஷயத்தைக் கடையில் போட்டுக் குழப்புவார்கள். ஒன்று பவர், அதாவது வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. இன்னொன்று ஆக்‌ஷன், அதாவது எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது. ஃபாஸ்ட் என்று எழுதியிருந்தால் நுனிப்பக்கம் மட்டும் வளையும். மாடரேட் என்றால் பாதி ராட் வரை வளையும். பாஸ் ராடுகள் பெரும்பாலும் மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன்.

ஸ்டீல்ஹெட்டுக்கு மாடரேட் அல்லது மாடரேட் ஃபாஸ்ட் கேட்பதற்குக் காரணம் லீடர். தெளிந்த தண்ணீரில் 6 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு, சில நாள் 4 பவுண்டுக்கும் இறங்க வேண்டியிருக்கும். ஒன்டாரியோ ஏரியிலிருந்து ஏறி வருகிற மீன் 5 முதல் 12 பவுண்டு வரை சாதாரணமாக இருக்கும், அதற்கு மேலும் உண்டு. முள் குத்தியதும் அது ஓட்டத்தோடு சேர்ந்து கீழ்நோக்கி ஓடும், தண்ணீரை விட்டு எகிறும், தலையை உதறும். ஒவ்வொரு உதறலையும் ஏதாவது ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். விறைப்பான ராட் வாங்காது, அந்த அதிர்ச்சி நேராக முடிச்சுக்குப் போகும். ரீலின் டிராக், அதாவது மீன் பலமாக இழுத்தால் நரம்பை மெல்லக் கழலவிடுகிற பிரேக், கொஞ்சம் உதவும், ஆனால் எவ்வளவு நல்ல டிராக்கும் கழன்று சுற்ற ஆரம்பிக்க ஒரு கணம் ஆகும், அந்தக் கணத்தை ராட்தான் சமாளிக்கும்.

செப்டம்பர் 17

"கிரெடிட் ஆற்றுக்குச் சரி, நான் நியூகாசில் பக்கம் வில்மட் கிரீக்குக்குப் போகிறேன், அங்கே 10½ அடியைத் தூக்க முடியுமா?" என்று இன்னொருவர்.

முடியும், மரத்தில் மாட்டிக்கொண்டு நிற்க முடியும். வில்மட், போமன்வில் மாதிரிச் சின்ன ஓடைகளில் இரண்டு கரையிலும் புதர், தலைக்கு மேல் கிளை, மடு என்று சொல்வது சில இடங்களில் ஒரு காரின் அளவுதான். அங்கே 8½ அல்லது 9 அடி போதும். நரம்பைத் தண்ணீரில் போடவே இடமில்லாத இடத்தில் தூக்கிப் பிடிக்க என்ன இருக்கிறது. ஆக, முதல் குறிப்பில் 10 அல்லது 10½ என்று அடித்துச் சொன்னதை இப்படித் திருத்துகிறேன்: நீ அதிகமாகப் போகப்போகிற ஆறு எவ்வளவு அகலம் என்று பார், அதன்படி வாங்கு. போர்ட் ஹோப்பில் கனராஸ்கா ஆற்றின் கீழ்ப்பகுதி, கிரெடிட், இரண்டுக்கும் 10 அடி பொருந்தும். சாகீன், மெயிட்லண்ட், கிராண்ட் மாதிரிப் பெரிய ஆறுகளில் நீளம் கூடக் கூட நல்லது.

கடைக்காரர் 13 அடி சொன்னது வீம்புக்கு இல்லை. ஒன்டாரியோவில் பாதிப் பேர் சென்டர்பின் என்கிற ரீலை வைத்துக்கொண்டு 13 அடி ராடோடுதான் திரிகிறார்கள். டிராக் கிடையாது, கியர் கிடையாது, வெறும் சக்கரம் தாங்கிமேல் சுற்றுகிறது, ஓட்டமே நரம்பை இழுத்துக்கொள்கிறது. பார்க்க அழகு. வீசப் பழகுவதற்குள் இலையுதிர் காலம் முடிந்துவிடும்.

செப்டம்பர் 18

13 அடி பற்றி ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் தள்ளுபடியில் கிடைக்கிறது என்று ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார்.

தக்கை போடுவதற்கான ஃப்ளோட் ராட் என்று விற்பதெல்லாம் ஸ்பின்னிங் ரீலுக்குச் சரிப்படாது. கைப்பிடிக்குப் பக்கத்தில் நரம்பு நுழைகிற முதல் வளையத்தைப் பார். சென்டர்பின்னில் நரம்பு நேராக வரும், அதனால் வளையம் சின்னதாக, ராடை ஒட்டி இருக்கும். ஸ்பின்னிங் ரீலில் நரம்பு சுருள் சுருளாகக் கழன்று வரும். அந்தச் சுருளை அடக்க முதல் வளையம் பெரிதாகவும், ராடிலிருந்து கொஞ்சம் விலகி உயரமாகவும் இருக்க வேண்டும். சின்ன வளையத்தில் ஸ்பின்னிங் ரீலைப் போட்டால் நரம்பு ராடில் படபடவென்று அடிக்கும், வீச்சு பாதியில் நிற்கும். படத்தில் இருப்பது சென்டர்பின் ராட். வேண்டாம்.

இன்னொன்று, கடைக்குப் போகும்போது உன் ரீலையும் எடுத்துக்கொண்டு போ. ராடில் மாட்டி, ரீலில் நரம்பைப் பிடிக்கிற வளைகம்பியான பெயிலைத் திறந்து வைத்து, ஆள்காட்டி விரலை நீட்டு. விரல் ஸ்பூலின், அதாவது நரம்பு சுற்றியிருக்கும் உருளையின், விளிம்பைத் தொட வேண்டும். தக்கை போகும்போது பெயிலைத் திறந்தே வைத்து, விரல் நுனியால் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் ஸ்பின்னிங் ரீலில் ஃப்ளோட் போடும் வித்தை. தக்கை அமுங்கினால் விரலால் அமுக்கிக்கொண்டு ராடைத் தூக்க வேண்டும், பெயிலை மூடிவிட்டுத் தூக்கலாம் என்று நினைத்தால் மீன் துப்பிவிட்டுப் போயிருக்கும். விரல் எட்டாத ராட் எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். கை சின்னதாக இருக்கிற பலருக்கு இதுதான் பிரச்சினை, யாரும் சொல்வதில்லை.

செப்டம்பர் 25

"எல்லோரும் தக்கையையே பிடித்துத் தொங்குகிறீர்கள், நான் ஸ்பூனும் ஸ்பின்னரும் மட்டும்தான் போடுவேன்" என்று ஒரு கோபக் குரல். சரி.

ஸ்பூன், ஸ்பின்னர் என்கிற உலோகத் தகட்டு இரைகள் என்றால் கணக்கு மாறும். லிட்டில் கிளியோ மாதிரி ஒரு ஸ்பூனையோ, ப்ளூ ஃபாக்ஸ் ஸ்பின்னரையோ ஓட்டத்துக்குக் குறுக்கே வீசி, அது வளைந்து சுற்றி வரும்போது தகடு ஆடுகிறதா, சுழல்கிறதா என்று கையில் தெரிய வேண்டும். 10½ அடி மென்மையான ராடில் அந்தத் துடிப்பு பாதி வழியில் காணாமல் போகும். இதற்கு 8½ முதல் 9½ அடி, மீடியம் பவர், மாடரேட் ஃபாஸ்ட். முழு ஃபாஸ்ட் வேண்டாம் என்று இங்கேயும் சொல்வேன். ஸ்டீல்ஹெட் ஓடிவந்து அடித்துவிட்டு உடனே திரும்பும், விறைப்பான ராடில் நாமும் பதறி இழுத்தால் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

கீழ் நயாகரா ஆறு தனிக் கதை. அருவிக்குக் கீழே பள்ளத்தாக்கில் படியிறங்கிப் போய்க் கரையில் நின்று வீசுகிறவர்களுக்கு நான் மேலே சொன்ன 6–10 பவுண்டு ராட் விளையாட்டுச் சாமான். அங்கே ஆழமும் ஓட்டமும் வேறு. 9½ அல்லது 10 அடி, 10–15 பவுண்டு நரம்புக்கானது, 20 கிராமுக்கு மேல் தூக்கி வீசக்கூடியது. திரும்பி ஏறும்போது முட்டி வலிக்கும், அதற்கு எந்த ராடும் மருந்தில்லை.

அக்டோபர் 2

வான்கூவரிலிருந்து ஒருவர்: "நீங்கள் பிடிப்பது ஸ்டீல்ஹெட்டே இல்லை, ஏரியில் வளர்ந்த ரெயின்போ ட்ரவுட்."

இந்தச் சண்டை எனக்கு முன்னாலும் இருந்தது, எனக்குப் பின்னாலும் இருக்கும். கடலுக்குப் போய் வளர்ந்து ஆற்றுக்குத் திரும்புகிற ரெயின்போ ட்ரவுட்தான் ஸ்டீல்ஹெட், அது பசிபிக் கரையின் மீன், உண்மைதான். பேரேரிகளுக்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். மிச்சிகனில் ஓ சேபிள் ஆற்றில் 1876இல் விட்டதிலிருந்து இந்தக் கதை ஆரம்பம். இங்கே அதற்கு ஏரிதான் கடல். பசிபிக் சால்மன் ஒரு தடவை முட்டையிட்டுச் செத்துப்போகும். இது பிழைத்து ஏரிக்குத் திரும்பி மறுபடி வரலாம். உப்புத் தண்ணீர் குடிக்கவில்லை என்பதற்காக அது மெதுவாக ஓடுவதில்லை.

ஆனால் ராட் விஷயத்தில் அவர் சொன்னது பயன்படும். சில்லிவாக் பக்கம் வெடர் ஆற்றில் குளிர்காலத்தில் அவர் 10½ அடி, 8–15 பவுண்டு ராட் வைத்திருக்கிறார். தண்ணீர் கலங்கலாகவும் வேகமாகவும் இருக்கும், லீடர் 10 பவுண்டுக்குக் குறையாது, தக்கையும் ஈயமும் கனம். எங்கள் ஊர் ராடை அங்கே கொண்டுபோனால் கொழகொழவென்று இருக்கும். பிரிட்டிஷ் கொலம்பியா ஆறுகளில் முள்ளில் பின்னோக்கி நீட்டி நிற்கிற எதிர்முனை இருக்கக் கூடாது, இயற்கையாகப் பிறந்த ஸ்டீல்ஹெட்டைக் கட்டாயம் திருப்பி விட வேண்டும். முதுகில் வாலுக்கு முன்னால் இருக்கிற சின்னக் கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்டிருந்தால்தான் பொரிப்பக மீன், அதையே வைத்துக்கொள்ளலாம். தாம்ப்சன் ஆற்று ஸ்டீல்ஹெட் அழியும் நிலையில் இருப்பதாகக் கனடாவின் வனவிலங்கு நிலை மதிப்பீட்டுக் குழு 2018இல் சொன்னதை நினைத்தால் அந்தக் கட்டுப்பாடுகள் போதாது என்றே தோன்றும்.

அக்டோபர் 3

"மீன் குழம்புக்கு எது நல்லது?" என்று கேட்டவருக்கு: மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்குங்கள்.

அக்டோபர் 9

மென்மை பற்றி மறுயோசனை. நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் 4 பவுண்டு நரம்புக்கான மிக மெல்லிய ராட் தேடிக்கொண்டிருக்கிறார். நிறுத்துங்கள்.

மிச்சிகனில் டிக் ஸ்வான் என்பவர் பிரபலமாக்கிய நூடுல் ராட் என்று ஒரு வகை உண்டு. மிக நீளம், மிக மெல்லியது, 2 பவுண்டு, 4 பவுண்டு நரம்பில் பெரிய மீனைப் பிடிப்பதுதான் அதன் பெருமை. பிடிபடும். ஆனால் மீன் கரைக்கு வர நேரமெடுக்கும், அவ்வளவு நேரம் போராடிய மீன் களைத்துப்போய் மல்லாந்துவிடும். உண்பதற்கு எடுக்கிறவருக்குக் கவலையில்லை. திருப்பி விடுகிறவர்கள்தான் இங்கே அதிகம், அவர்களுக்கு அது சரியான கருவி இல்லை. அதுவும் வசந்தத்தில், முட்டையிட்டு இளைத்து ஏரிக்குத் திரும்பிக்கொண்டிருக்கிற மீனை அரை மணி நேரம் இழுத்தடிக்க எனக்கு மனசு வராது.

ராட் நீளமாக இருந்தால் மீன்மேல் அழுத்தம் கூடும் என்றும் பலர் நினைக்கிறார்கள். தலைகீழ். கையில் அதே பலத்தைக் கொடுத்தால் நீளமான ராடின் நுனியில் குறைவான இழுப்புதான் கிடைக்கும், நமக்குத்தான் மணிக்கட்டு வலிக்கும். அதனால்தான் நீளமான ராடுக்கு முழங்கை வரை வருகிற நீளக் கைப்பிடி வேண்டும். ஆகவே மென்மை நுனியில் இருக்கட்டும், அடிப்பகுதியில் மீனைத் திருப்புகிற அளவு பலம் இருக்கட்டும். கடையில் நுனியை நண்பன் கையில் கொடுத்து மெதுவாக இழுக்கச் சொல், முதலில் நுனி வளைந்து, அப்புறம் நடு, கடைசியில் அடிப்பகுதி இறுகி நிற்க வேண்டும். கூரையைப் பார்த்து ஆட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது, எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நானும்.

அக்டோபர் 20

விலை. 100 முதல் 150 கனடிய டாலருக்குள் நல்ல ராட் கிடைக்கும். அதற்கு மேல் போனால் எடை குறையும், வளையங்கள் நன்றாக இருக்கும், பிடிப்பதற்குச் சுகமாக இருக்கும். மீனுக்கு வித்தியாசம் தெரியாது. 400 டாலர் ராட் வாங்கி 30 டாலர் ரீல் மாட்டுவதைவிட இரண்டிலும் நடுத்தரமாகப் போவது மேல், ஏனென்றால் டிராக் விக்கி நின்றால் அத்தோடு முடிந்தது.

ஐஎம்6, ஐஎம்8 என்று ராடில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது ஹெக்செல் நிறுவனத்தின் கார்பன் இழைக்கான வணிகப் பெயர், தொழில் முழுக்கப் பொதுவான தர எண் கிடையாது. எண் கூடினால் ராட் உயர்ந்தது என்று பொருளில்லை. பொதுவாக விறைப்பான இழையில் செய்த ராட் எடை குறைவாக இருக்கும், கல்லில் பட்டால் சீக்கிரம் உடையவும் செய்யும். ஆற்றங்கரைக் கல்லில் வழுக்கி விழாத ஆள் யாராவது இருந்தால் அவர் உயர்ந்ததையே வாங்கட்டும்.

நவம்பர் 23

குளிர் வந்துவிட்டது. பனிக்கட்டி பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

உறைநிலைக்குக் கீழே போனதும் நரம்போடு வருகிற தண்ணீர் வளையங்களில் உறையும், முதலில் நுனி வளையம். நுனியில் வளையம் ரொம்பச் சின்னதாக இருக்கிற ராட் குளிர்காலத்தில் தொல்லை, இதை வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும். கட்டியை விரலால் நெம்பாதே, உள்ளே இருக்கிற பீங்கான் வளையம் பெயர்ந்து வந்துவிடும், அதற்கப்புறம் நரம்பு அறுபட்டுக்கொண்டே இருக்கும். ராடின் நுனியை ஆற்றுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் அமுக்கி வை, ஆற்றுத் தண்ணீர் காற்றைவிடச் சூடு, தானாக இளகும். உதட்டுக்குப் போடுகிற தைலத்தை வளையத்தில் தடவினால் கொஞ்ச நேரம் தாங்கும். ஒருவர் தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்டார். ஐயா, அது நம் வீட்டுச் சமையலறையிலேயே உறைந்துதான் கிடக்கிறது.

பின்னல் நரம்பு விஷயத்தில் என் அபிப்பிராயம் மாறிக்கொண்டே வருகிறது. இலையுதிர் காலத்தில் 15 அல்லது 20 பவுண்டு பின்னல் நரம்பு அருமை, தண்ணீரில் மிதக்கும், எடுத்துப் போடுவது சுலபம். குளிர் இறங்கினால் அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கம்பி மாதிரி விறைக்கும். டிசம்பருக்கு 8 பவுண்டு சாதாரண நைலான் நரம்பு, வேறு ஸ்பூலில். நைலான் கொஞ்சம் இழுபடும், அந்த இழுபாடும் லீடரைக் காப்பாற்றும். பின்னல் நரம்பு இழுபடாது, அதனால் பின்னல் போடுகிறவர்களுக்கு ராடின் மென்மை இன்னும் முக்கியம்.

டிசம்பர் 1

நண்பர் ஒருவரின் ராட் நேற்று நுனியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஒடிந்தது. மீன் காலடியில் வந்துவிட்டது, கைவலை எட்டவில்லை, ராடைச் செங்குத்தாகத் தூக்கி அதற்கும் பின்னால் வளைத்தார். பட்டென்று சத்தம். அப்படிப் பின்னால் சாய்த்தால் முழு ராடும் வேலை செய்யாது, நுனிப் பகுதி மட்டும் மடங்கும். நீள ராட் வைத்திருப்பவர்கள் மீனைக் கரையோரம் மெதுவான தண்ணீருக்குக் கொண்டுவந்து, ராடைப் பக்கவாட்டில் சாய்த்து, இரண்டடி பின்னால் நடக்க வேண்டும். நீண்ட பிடியுள்ள வலை வாங்குவதும் ராட் வாங்குவதில் சேர்ந்ததுதான். உத்தரவாதம் இருக்கிறதே என்று கம்பெனிக்கு எழுதினார். அனுப்புகிற செலவும் அவர்கள் கேட்கிற கட்டணமும் சேர்ந்தால் பாதி ராட் விலை வருகிறது.

இரண்டு துண்டும் சேருகிற இடத்தையும் அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டும். குளிரில் வீச வீச அது தளர்ந்து திரும்பும். தளர்ந்த மூட்டோடு வீசினால் அங்கேயே விரிசல் விடும். மெழுகுவர்த்தி மெழுகை லேசாகத் தடவினால் பிடித்துக்கொள்ளும்.

டிசம்பர் 12

கேள்வி கேட்ட தம்பி 10 அடி, 6–10 பவுண்டு, மாடரேட் ஃபாஸ்ட் வாங்கிவிட்டாராம், இரண்டு துண்டு, கொரோலாவில் அடங்குகிறதாம். ரீல் எந்த அளவு என்கிறார்.

3000. உன்னிடம் 2500 இருந்தால் அதையே மாட்டு, புதிதாக வாங்காதே. 4000 இந்த ராடுக்குக் கனம், நுனி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். மாட்டியபின் கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே ஒரு விரலில் வைத்துப் பார், சமமாக நின்றால் சரி.

போகுமுன் மாகாணத்தின் விதிமுறைப் புத்தகத்தைப் பார். ட்ரவுட் பருவம் பல இடங்களில் ஏப்ரல் நான்காவது சனிக்கிழமைதான் திறக்கும். சில ஆறுகளின் கீழ்ப்பகுதி மட்டும் வேறு மாதங்களிலும் திறந்திருக்கும், அது எந்தப் பாலத்திலிருந்து எந்தப் பாலம் வரை என்று எழுத்தில் இருக்கிறது. திறப்பு நாளன்று போர்ட் ஹோப்பில் தோளோடு தோள் நின்று வீசுவார்கள், அங்கே 10 அடி ராடோடு முதல் தடவை போய்ப் பழக வேண்டாம். அடுத்த செவ்வாய்க்கிழமை போ.